வாளையாரைத் தாண்டிய பிறகு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கரூர், பல வருடமாக நாக்பூரில் வேலை. இப்போது பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதக் கடைசி வாரத்தில் மனைவி, ஐந்தாம் வகுப்புக்குப் போகும் மகள், அம்மா ஆகியோரோடு எம்.எச். 31 என்ற நாக்பூர் எண் போட்ட காரிலேயே கிளம்பி இரண்டு நாளில் பாலக்காடு வந்துவிடத் திட்டம். சாமான் லாரியில் பின்னால் வருகிறது. "பாலக்காடுதானே, எல்லாரும் தமிழ் பேசுவார்கள், கோயம்புத்தூரில் குடியேறுவது மாதிரிதானே? வந்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும்?" என்பது கேள்வி.

பேச்சுக்குத் தமிழ் போதும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வண்டி, கரன்ட், பள்ளிக்கூடம், ஆபீஸ் காகிதம், மழை, காற்று எல்லாமே கேரளம்தான். காய்கறிக்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை தமிழில் பேசுவதால், மாநிலம் மாறி வந்திருக்கிறோம் என்பதே பலருக்கு மறந்துபோகிறது. ஆறு மாதம் கழித்து ஆர்.டி. ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ போய் முழிக்கிறார்கள். நான் கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்து, சந்திரநகரில் குடியிருப்பவன். புதிதாக வருகிற நம்மூர் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயங்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு நாள் கணக்கை மாற்றுங்கள். நாக்பூரிலிருந்து ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூரு, ஓசூர் வழியாகச் சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 44. அங்கிருந்து பவானி, அவிநாசி, கோவை வழியாக 544. மொத்தம் சுமார் 1,500 கிலோமீட்டர். இரண்டு நாள் என்றால் நாளொன்றுக்கு 750. ஓட்டிவிடலாம்தான். ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத தெருவில், பூட்டிய வீட்டின் முன்னால் வந்து நிற்பீர்கள். வயதான அம்மா வண்டியில் இருக்கும்போது அது வேண்டாம். மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி ஹைதராபாத்தைத் தாண்டி ஷாத்நகர், ஜட்சர்லா பக்கம். ஊருக்குள் தங்கினால் மறுநாள் காலை வெளியே வருவதற்கே நேரம் போய்விடும். இரண்டாம் ராத்திரி கிருஷ்ணகிரி. மாலை ஐந்து மணிக்கு மேல் பெங்களூருக்குள் நுழைந்தால் ஹெப்பாளில் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால், அன்று விடியும் முன்பே கிளம்புவது நல்லது. மூன்றாம் நாள் கிருஷ்ணகிரியில் காலை டிபனை முடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் பாலக்காடு.

இப்படிப் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பயணத்தில் கவனமாக ஓட்ட வேண்டிய இடமெல்லாம் கடைசி நாளில்தான் வருகிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்கும் வண்டிகள் மேல் ஏறிய விபத்துகள் அங்கே நிறைய. கியரைக் குறைத்து, லாரிக்கு முன்னால் போய் ஒட்டாமல் இறங்குங்கள். அப்புறம் கோவையில் நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை பைபாஸ். சேலத்திலிருந்து அகலமான ரோட்டில் பறந்து வந்த கை, அங்கே எதிர்வண்டி வரும் இருவழிப் பாதையில் அதே வேகத்தில் முந்தப் பார்க்கும். இன்னும் ஒரு மணி நேரம்தான் என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொள்ளும். அந்தப் பைபாஸ் முழுவதும் யார் பின்னாலாவது பொறுமையாக வாருங்கள். மதுக்கரை தாண்டி, மாநில எல்லையான வாளையார் வரும்போது இரண்டு பக்கமும் காடு. கஞ்சிக்கோடு, வாளையார் பகுதியில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகள் அடிபட்டுச் செத்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதே யானைகள்தான் ரோட்டுப் பக்கமும் வரும். பகலில் வந்தால் அந்தக் கவலை இல்லை.

வாளையாரில் நுழைந்ததும் ஒரு விஷயம். கேரளத்தில் ரோட்டோரக் கேமராக்கள் 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடுகின்றன. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்றாலும் படம் எடுக்கும். நோட்டீஸ் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கும் விலாசத்துக்கு, அதாவது நீங்கள் காலி செய்துவிட்ட நாக்பூர் வீட்டுக்குப் போகும். அபராதம் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. பிறகு வண்டிக் காகித வேலை தொடங்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். கிளம்பும் முன் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் உங்கள் செல்போன் எண் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்குகிற நாள். சாமான் லாரி உங்களுக்குப் பின்னால்தான் வரும், பல நாள்கூட ஆகலாம். வேறு பார்ட்டியின் சரக்கோடு சேர்த்து ஏற்றினால் சொல்லவே வேண்டாம். ஆகவே காரின் டிக்கியில் முதல் ராத்திரிக்கென்று ஒரு மூட்டை தனியாக இருக்கட்டும். நான்கு பாய், போர்வை, ஒரு பக்கெட், மக், துடைப்பம், இண்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர், நாலு தட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு பல்பு, அம்மாவின் மாத்திரைகள், மூலக் காகிதங்கள். டி.சி., ஆர்.சி., ஆதார் இவற்றை லாரியில் ஏற்றிவிட்டு ஒரு வாரம் தேடியவர்கள் உண்டு. மதியம் வந்துவிட்டால், வீட்டுக்காரர் இருக்கும்போதே மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்புகிறதா, பாத்ரூமில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிடலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அன்றே வருவார். வந்த அன்றே கரன்ட் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சிலிண்டரைக் காரிலோ லாரியிலோ கொண்டுவர வேண்டாம். நாக்பூர் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டெபாசிட்டுக்கு ஒரு வவுச்சர் தருவார்கள், டெர்மினேஷன் வவுச்சர், சுருக்கமாக டி.வி. என்பார்கள். அதை இங்கே இருக்கும் ஏஜென்சியில் காட்டினால் புது இணைப்பு.

லாரிக்கு வருவோம். உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் பழைய சாமான், சொந்த உபயோகம், குடிமாற்றம் என்று எழுதி, பொருட்களின் பட்டியலோடு நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று டிரைவர் கையில் இருக்கட்டும். பெட்டி பிரிக்காத புது டி.வி., பிரிட்ஜ் ஏதாவது இருந்தால் அதன் பில்லும் வேண்டும்.

சாமான் இறக்குவதைப் பற்றி எல்லாரும் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். கேரளத்தில் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்கு 1978-லிருந்து தனிச் சட்டமும் யூனியனும் உண்டு. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. வீட்டுச் சாமானை உங்கள் ஆளை வைத்தே இறக்கிக்கொள்ளலாம். நடைமுறையில் என்ன நடக்கும்? எங்கள் தெருவுக்கு ஒரு குடும்பம் வந்தபோது லாரி வாசலில் நின்ற பத்து நிமிடத்தில் நாலு பேர் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா சண்டைக்குப் போகவில்லை. "இந்தச் சின்ன சாமான் எல்லாம் நாங்களே எடுத்துக்கிறோம் சேட்டா, பீரோவும் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மட்டும் மாடிக்கு ஏத்தணும், எவ்வளவு?" என்று கேட்டார். ஒரு தொகை சொன்னார்கள், கொஞ்சம் குறைத்தார்கள், கயிறு கட்டி அலுங்காமல் ஏற்றிவிட்டுப் போனார்கள். பேக்கர்ஸ் கம்பெனிகளின் ஆட்கள் அந்தப் பீரோவை ஏற்றியிருந்தால் சுவரில் கோடு விழுந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பேசுவதை இறக்கும் முன்னால் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி ஜூன் 1. உங்கள் லாரி அதை ஒட்டி வருகிறது. நல்ல தார்ப்பாய் போட்ட வண்டிதானா என்று நாக்பூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தையையும் புத்தகப் பெட்டியையும் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றச் சொல்லுங்கள்.

வீடு எங்கே பார்ப்பது? கஞ்சிக்கோட்டிலேயே பார்த்தால் வேலைக்குப் பக்கம். ஆனால் லாரிப் போக்குவரத்தும் புகையும் அதிகம். மகள் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா ஆஸ்பத்திரிக்கும் எப்படியும் டவுனுக்குத்தான் போக வேண்டிவரும். குடும்பமாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது சந்திரநகர், மருதரோடு பக்கம். நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் கஞ்சிக்கோட்டுக்கு பஸ் வந்துகொண்டே இருக்கும். டவுனும் பக்கம். கல்பாத்தியில் தமிழ் அக்ரகாரம், கோயில், ஆறு, பார்க்க அழகு. ஆனால் தெருவோடு ஒட்டிய வரிசை வீடுகளில் காரை எங்கே நிறுத்துவது என்பது தினசரிப் பிரச்சினை. நவம்பரில் தேர்த் திருவிழா நாட்களில் வண்டி உள்ளேயே வராது. ஒலவக்கோட்டுக்கு அப்பால் தோணி, மலையடிவாரம், குளிர்ச்சி, வாடகையும் பரவாயில்லை. அங்கேதான் பி.டி.7 என்று பேர் வைத்த காட்டு யானை நீண்ட நாள் ஊருக்குள் நடமாடி, கடைசியில் 2023 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் பைக்கில் வீடு திரும்பும் வேலை என்றால் அந்தப் பக்கம் வேண்டாம்.

கோவைப் பக்கமே குடியிருந்து தினமும் வந்துபோனால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் பாம்பாம்பள்ளத்தில் டோல்கேட் இருக்கிறது. கோவையிலிருந்து வந்தால் தினம் அதைத் தாண்ட வேண்டும், பாலக்காட்டிலிருந்து வந்தால் வேண்டியதில்லை. தூரமும் கூடுதல். மகளைத் தமிழ்நாட்டுப் பள்ளியிலேயே படிக்க வைக்க வேண்டும் என்பது உங்கள் முடிவாக இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

வீடு பிடித்ததும் முதல் வேலை வாடகை ஒப்பந்தம். பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதுவார்கள். இதை வீட்டுக்காரர் சௌகரியத்துக்கு என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள், தேவை உங்களுக்குத்தான். ஆதாரில் விலாசம் மாற்ற அது வேண்டும். ஆதார் மாறினால்தான் வங்கி, கேஸ், லைசென்ஸ், வண்டி எல்லாம் வரிசையாக நகரும். வாக்காளர் பட்டியலில் இடம் மாறியதற்குப் படிவம் 8. புதிதாகச் சேர்பவர்களுக்கான 6 அல்ல. இந்த வேலைகளுக்கெல்லாம் ஊருக்கு ஊர் அக்ஷயா மையம் இருக்கிறது. 2002-ல் தொடங்கிய அரசுத் திட்டம், அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்தக் காகிதத்துக்கு எது ஆதாரம் என்பது மனப்பாடம். ஏஜென்ட்டுகளிடம் போகும் முன் அங்கே போங்கள்.

இனி கார். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும். "ஒரு வருடம் இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டு சிக்கல். ஒன்று, அந்த ஒரு வருடம் எண் மாற்றத்துக்கான அவகாசம், கேரள வரிக்கான அவகாசம் அல்ல. வரியை எப்போது கட்ட வேண்டும் என்பதை வந்த கையோடு பாலக்காடு ஆர்.டி. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, புது எண் வாங்க நாக்பூர் ஆபீஸ் தரும் தடையில்லாச் சான்று வேண்டும். அதை இங்கே வந்துவிட்டு வாங்குவதைவிட, கிளம்பும் முன் அங்கேயே முடிப்பது எவ்வளவோ சுலபம்.

அந்தச் சான்றுக்கு வேண்டியவை: படிவம் 28, அதோடு சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. லோன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம். கட்டாத அபராதம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தச் சேசிஸ் பிரதியை ஷோரூம் மெக்கானிக்கிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார். எண் எங்கே இருக்கிறது என்று நீங்களே சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஏழெட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வந்தும் கேட்பார்கள்.

இங்கே வந்தபின் புது எண்ணுக்குப் படிவம் 27, விலாச மாற்றத்துக்குப் படிவம் 33. வண்டியின் வயதையும் வாங்கிய விலையையும் வைத்து கேரள வரி கணக்கிடுவார்கள். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாலக்காடு டவுனில் இருந்தால் கே.எல். 09 எண் கிடைக்கும். இதே மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் குடிபோனால் கே.எல். 70. புது ஆர்.சி. வந்ததும் அதன் நகலோடு நாக்பூர் ஆபீஸுக்கு மீதி வருடங்களுக்கான வரியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பணம் வர நாளாகும், அலைச்சலும் உண்டு. ஆனாலும் வண்டி புதிதென்றால் நல்ல தொகை, விடாதீர்கள். நாக்பூரில் நம்பிக்கையான ஒருவரிடம் அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தால் உதவும். எண் மாறியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பாஸ்டேக் கொடுத்த வங்கிக்கும் சொல்ல வேண்டும். பாஸ்டேக் வண்டி எண்ணோடு கட்டப்பட்டது. பழைய எண்ணிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் டோல்கேட்டில் பின்னால் முப்பது வண்டி ஹாரன் அடிக்க நிற்பீர்கள்.

உங்கள் கம்பெனிக்கு நாலு மாநிலத்திலோ அதற்கு மேலோ கிளை இருந்தால், நாக்பூரில் இருக்கும்போதே, மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். எண்ணுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் விசாரியுங்கள். அடுத்த மாற்றலும் வரக்கூடிய வேலை என்றால் அது மிச்சம்.

கரன்ட். இங்கே மின்வாரியம் கே.எஸ்.இ.பி., வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். தமிழ்நாட்டு வழக்கப்படி முதல் 100 யூனிட் இலவசம் என்று அம்மா சொல்வார், இங்கே அது கிடையாது. அதைவிட முக்கியம் இன்னொன்று. மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ரேட் ஏறும். முதல் படியின் யூனிட்டுகளுக்கு முதல் படி ரேட், அடுத்ததற்கு அடுத்தது. 250-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் படிக் கணக்கே போய், முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே ரேட். இரண்டு மாத பில்லில் 500 என்பதுதான் கோடு. ஒரு யூனிட் தாண்டினாலும் மொத்தக் கணக்கும் மாறிவிடும். ஏப்ரல், மே மாதம் இரண்டு ஏ.சி. ஓட்டும் வீடுகள் இங்கேதான் மாட்டுகின்றன. முன்பு குடியிருந்தவர் ஓட்டிய யூனிட்டும் உங்கள் முதல் பில்லில் சேர்ந்து வந்தால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். மீட்டரை வந்த அன்றே போட்டோ எடுக்கச் சொன்னது அதனால்தான். பில்லில் இருக்கும் 13 இலக்க எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு 1912.

குப்பையும் தமிழ்நாடு மாதிரி இல்லை. ஹரித கர்ம சேனை என்ற குப்பை சேகரிக்கும் குழுவின் பெண்கள் மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக், கவர், பாட்டில் வாங்கிப் போவார்கள், சிறு கட்டணம் உண்டு. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தர வேண்டும். காய்கறிக் குப்பைக்கு வீட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று வீட்டைப் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள். ரோட்டோரத்தில் போட்டுவிட்டு வர முடியாது.

மகளின் பள்ளிக்கூடம்தான் உங்களுக்கு அவசரமான விஷயம், ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். காரை ஒரு மாதம் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. முடிந்தால் ஏப்ரலிலேயே ஒருமுறை ரயிலில் வந்து இடம் பேசிவிட்டுப் போங்கள். நாக்பூரில் சி.பி.எஸ்.இ. படித்தவள் என்றால் இங்கும் அதையே தொடர்வது நல்லது. பாலக்காட்டிலும் கஞ்சிக்கோட்டிலும் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, ஆனால் தனியார் வேலைக்காரர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வரிசையில் கடைசி இடம். அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

2017-ல் வந்த சட்டப்படி கேரளத்தில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். இது சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான். ஐந்தாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். பயப்பட ஒன்றும் இல்லை, தமிழ் காதில் விழுந்து வளர்ந்த குழந்தைக்கு மலையாளம் பேச்சு ஓணத்துக்குள் வந்துவிடும், எழுத்துக்கு ஒரு வருடம் கொடுங்கள். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போதே "வெளிமாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு மலையாளத்தை எப்படி நடத்துகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். தனியாக அடிப்படை சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் உண்டு, முதல் நாளே ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடும் பள்ளியும் உண்டு. தமிழ் படிப்பு வேண்டுமென்றால் டவுன் பள்ளிகளில் கஷ்டம். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழி வகுப்புகள் இருக்கின்றன, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. நீங்கள் டவுனில் இருந்தால் வீட்டில் சொல்லிக்கொடுப்பதுதான் வழி. பாட்டி கூடவே இருப்பது அந்த வகையில் நல்லது.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் முன்பு கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் ஜனங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அதனால் இங்கே தமிழ் பேசுபவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அல்ல. கல்பாத்தியில் வீட்டுக்குள் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்காதவர்கள் நிறைய, பேப்பர் மலையாளத்தில் படிப்பார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயிகள் பேசுவது பொள்ளாச்சித் தமிழ். மலையாளிகளோ நீங்கள் வாயைத் திறந்ததும் தாங்களே தமிழுக்கு மாறிவிடுவார்கள். அவர்கள் மாறுகிறார்களே என்று நீங்கள் அப்படியே இருந்துவிடாதீர்கள். கடைக்காரரை சேட்டா என்றும், பக்கத்து வீட்டு அம்மாவைச் சேச்சி என்றும் கூப்பிட்டு, தெரிந்த நாலு வார்த்தை மலையாளத்தில் ஆரம்பித்தால் முகமே மாறும். ஆபீஸ்களில் படிவமும் சுற்றறிக்கையும் மலையாளம். மனுவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுத சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், காரியம் சீக்கிரம் நடக்க வேண்டுமென்றால் ஆங்கிலம் வசதி.

பருவம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி, அதற்குள்தான் பாலக்காடு. கேரளம் என்றால் எப்போதும் குளுகுளு என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் மார்ச் மாதம் அதிர்ச்சி. 2024 ஏப்ரல் கடைசியில் இந்த மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது. நாக்பூர் வெயிலைப் பார்த்த உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. புதிதாகத் தெரியப் போவது காற்று. ஜூன் முதல் மழையோடு மேற்கிலிருந்து அடிக்கும். நவம்பர் முதல் இரண்டு மூன்று மாதம் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரவும் பகலும் வீசும். ஜன்னல் கொக்கி சரியில்லை என்றால் தூங்க முடியாது, மாடித் துணியைத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும், உதடும் குதிகாலும் வெடிக்கும், வீடு முழுக்க மண். வீடு பார்க்கும்போது கிழக்குப் பக்க ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திப் பாருங்கள். தென்னை மரத்துக்கு அடியில் காரை நிறுத்தும்படி இருந்தால் வேறு இடம் கேளுங்கள்.

அம்மாவுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசியை எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை, பொன்னி எல்லாக் கடையிலும் கிடைக்கும். காய்கறி பெரும்பாலும் ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சியிலிருந்துதான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்கு இட்லி சாப்பிடக் கூட்டிப்போங்கள். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் சுடுவது. மண் வளையத்தில் நூலை வலைபோலக் கட்டி, மேலே துணி விரித்து, மாவைத் தட்டையாக ஊற்றி, பானை வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகில் வேகவைப்பார்கள். பார்க்க கனத்த தோசை மாதிரி இருக்கும், தொட்டால் பஞ்சு. பொடியும் தேங்காய் எண்ணெயும் தருவார்கள். தேங்காய் எண்ணெய் பழகாதவர் சட்னி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு பாலக்காடு உட்பட எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், மகளுக்கு லீவு இருக்கும். உங்கள் கம்பெனிக்கு உண்டா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குப் போவதற்குக் கார் எடுக்கவே வேண்டாம். திருச்சிக்கும் பாலக்காடு டவுனுக்கும் நடுவில் ஓடும் பகல் நேர ரயில் கோவை, ஈரோடு வழியாகக் கரூரில் நிற்கும். பழனிக்குப் பொள்ளாச்சி வழியாகத் தனிப் பாதை. டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் பெயரை மட்டும் கவனியுங்கள். பாலக்காடு ஜங்ஷன் என்பது ஒலவக்கோட்டில் இருப்பது, டவுன் ஸ்டேஷன் வேறு. சந்திரநகரில் வீடு எடுத்தால் அம்மா டவுனில் இறங்குவதுதான் ஆட்டோவுக்குப் பக்கம்.